காரைக்குடி நாக்கோடு மெக்சிகன் ரெஸ்டாரண்டுக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் பெங்களூர், சிங்கப்பூர், டல்லாஸ் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். பெற்றோர் போய்த் தங்கும்போது ஒருநாள் சாயங்காலம் நல்ல மெக்சிகன் ரெஸ்டாரண்டில் டேபிள் போட்டுவிடுவார்கள். "அப்பச்சி, அவங்க சாப்பாட்டுலயும் மிளகாய்தான். உங்களுக்குப் பிடிக்கும்" என்பார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி உட்கார்ந்தால் பாதிப் பேர் வயிறு நிறைந்தும் மனசு நிறையாமல்தான் எழுந்து வருவார்கள்.

காரத்தை வைத்துச் சமையலை எடை போடுவதுதான் பெரிய தவறு. ஒரு வாய் வைத்ததுமே "உறைப்பே இல்லையே, என்ன பெரிய மிளகாய்" என்று தட்டைத் தள்ளிவிடுகிறோம். மிளகாய் பிறந்ததே மெக்சிகோக்காரர்கள் மண்ணில். போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரும்வரை நம் குழம்புக்கு மிளகுதான் உறைப்பு. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் மிளகாயோடு புழங்குகிறார்கள். அதனால் உறைப்புக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று தனித்தனி மிளகாய் வைத்திருக்கிறார்கள். பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தால் ஆஞ்சோ. அதில் உறைப்பைவிட உலர்திராட்சை வாசனைதான் தூக்கல். ஹலபெனோ என்ற பச்சை மிளகாயைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிப்போட்லே. நாம் வரமிளகாயை வறுத்துப் பொடிக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைக்கிறார்கள். இது தெரிந்து சாப்பிட்டால் நாக்கு தேடுவதே வேறாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'இவங்க காரம் நம்மள என்ன பண்ணும்' என்ற தெம்பில், ஓரமாக இருக்கும் ஆரஞ்சு நிறச் சல்சாவை, அதாவது அவர்கள் ஊர்த் துவையலை, கரண்டியோடு வாயில் போடுவது. அது ஹபனேரோ மிளகாயில் செய்ததாக இருந்தால் தொலைந்தது. ஹலபெனோவின் உறைப்பு, மிளகாய்க் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ லட்சத்தைத் தாண்டி மூன்றரை லட்சம் வரை போகும். குண்டு மிளகாயில் பழகிய நாக்காக இருந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்போது ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தும் பிரயோஜனமில்லை. உறைப்பு தண்ணீரில் கரையாது. மேசையில் கிரீம் இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மோலே, வரமிளகாய் அரைத்து வைக்கும் கெட்டிக் குழம்பு. உயர்தர மெக்சிகன் சாப்பாட்டில் இதைத் தவறவிட்டால் போனதற்கே அர்த்தமில்லை. ஆனால் நம்மவர்கள் அதிகம் ஒதுக்குவதும் இதைத்தான், ஏனென்றால் மெனுவில் 'சாக்லேட்' என்று போட்டிருக்கும். கோழிக்குழம்பில் சாக்லேட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். புவெப்லா ஊரின் மோலே பொப்லானோவில் மூன்று நான்கு வகை வரமிளகாய், எள், பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, தக்காளி, பட்டை, கிராம்பு, மிளகு எல்லாம் தனித்தனியாக வறுபட்டு, அரைபட்டு, மணிக்கணக்கில் கொதித்துச் சேரும். சாக்லேட் அதில் கொஞ்சம்தான், அதுவும் கடைசியில். பட்டை கிராம்பை வறுத்து அரைத்துக் கறிக்குழம்பு வைக்கிற வீட்டுக்காரருக்கு இதில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று ஒரு வாயிலேயே தெரிந்துவிடும்.

மோலேயில் நாம் செய்யும் தவறு, கோழித்துண்டை எடுத்துத் தின்றுவிட்டுக் குழம்பைத் தட்டிலேயே விட்டுவிடுவது. அந்தத் தட்டில் கோழி துணைக்கு வந்தது, மோலேதான் சாப்பாடு. மெக்சிகோ நகரத்தில் புஹோல் என்ற புகழ்பெற்ற ரெஸ்டாரண்டில் கறித்துண்டே இல்லாமல் மோலேயை மட்டும் தட்டில் ஊற்றி, பக்கத்தில் டோர்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி வைத்துத் தருகிறார்கள். பல நூறு நாட்களாகச் சூடுபடுத்திச் சூடுபடுத்திக் காத்துவரும் பழைய மோலே வட்டமாக. அதன் நடுவே அன்றைக்கு வைத்த புது மோலே. பழங்குழம்பின் ருசி தெரிந்த நமக்கு இது புரியாமல் போகாது. தயவுசெய்து அதன்மேல் எலுமிச்சையைப் பிழியாதீர்கள், பச்சைச் சல்சாவை ஊற்றாதீர்கள். அதெல்லாம் டோர்டியாவில் கறி வைத்து மடித்துத் தரும் டாக்கோவுக்கு.

டாக்கோ என்றதும் இன்னொன்று. இடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் டாக்கோவை முள்கரண்டி, கத்தி வைத்து வெட்டக் கூடாது. கையால் எடுத்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டியதுதான். கையால் சாப்பிடுகிற நாமே அங்கே போய்க் கூச்சப்படுவது எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை. சிறந்த ரெஸ்டாரண்டுகளுக்கு ஸ்டார் கொடுக்கும் மிஷெலின் கைடு 2024-இல் முதல்முறையாக மெக்சிகோவுக்குப் போனபோது, எல் கலிஃபா தெ லெயோன் என்ற, நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன டாக்கோக் கடைக்கும் ஒரு ஸ்டார் கொடுத்தார்கள்.

டோர்டியா துணி சுற்றிய கூடையில் வரும். ஒன்றை எடுத்ததும் துணியை மறுபடி மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். நல்ல இடமாக இருந்தால் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அங்கேயே அரைப்பார்கள். சுண்ணாம்பு என்றதும் பதற வேண்டாம், வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்புதான்.

'ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் குடுங்க' என்று திருப்பி அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். செவிச்சே என்பது எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், குளிர்ச்சியாகத்தான் வரும். சீலே என் நொகாடா என்று ஒன்று: கொத்துக்கறி அடைத்த மிளகாய், மேலே வால்நட் கிரீம், மாதுளை முத்து. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அதற்கு சீசன். அதைச் சூடு இல்லாமல்தான் பரிமாறுவார்கள். சூடு பண்ணினால் கெட்டுப்போகும்.

இப்போது சைவம். கார்த்திகை, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களும் சுத்த சைவக்காரர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது மெக்சிகோவில் பழைய வழக்கம். சோறும் சூப்பும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். தமாலே என்ற இலையில் சுற்றி அவித்த மக்காச்சோளக் கொழுக்கட்டை மாவிலும் கோதுமை டோர்டியாவிலும்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே "கொழுப்பு எது? எலும்புச் சாறு ஊற்றினீர்களா?" என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். மாட்டுக்கறி ஆகாதவர்கள் மெனுவில் 'கார்னே' என்று மட்டும் இருந்தால் விசாரியுங்கள், பெரும்பாலும் அது மாடுதான். கோழி 'பொயோ', மீன் 'பெஸ்காடோ', இறால் 'கமரோன்'.

அதற்காக சைவக்காரர்கள் வெறும் சிப்ஸோடு எழுந்துவர வேண்டியதில்லை. பூசணிப்பூ வைத்து மடித்துச் சுட்ட டோர்டியா, அதாவது கெசடியா, இருக்கும். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக் கள்ளியின் அமெரிக்கச் சொந்தமான நொபால் இருக்கும். இளம் மடலை முள் சீவிச் சுட்டுத் தருவார்கள், வெண்டைக்காய் போலக் கொஞ்சம் வழவழக்கும். உள்ளே வந்தாகிவிட்டது, துணிந்து ஒன்று சொல்லிப் பாருங்கள்.

சிப்ஸ் என்றேனே, அமெரிக்காவில் பல இடங்களில் உட்கார்ந்ததுமே சிப்ஸும் சல்சாவும் வந்துவிடும். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு கூடை காலியாகிவிடும், அப்புறம் மோலே வரும்போது வயிற்றில் இடமிருக்காது. மஞ்சள் சீஸ் வழிகிற நாச்சோஸைத்தான் மெக்சிகன் என்று நினைத்து, 'அது இல்லையா' என்று கேட்பதும் வேண்டாம். அந்த மஞ்சள் சீஸ் டெக்சஸ் பக்கத்து வழக்கம்.

எட்டுப் பேர் என்று டேபிள் சொல்லிவிட்டுப் பதினொரு பேராகப் போய் நிற்பது கல்யாண வீட்டில் நடக்கும், அங்கே நடக்காது. கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுக்கிற அப்பத்தாக்களுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். குடிக்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: நல்ல டெக்கீலாவை உப்பும் எலுமிச்சையும் வைத்து ஒரே மடக்கில் ஊற்றுவது காசைக் கரியாக்குவது. மெதுவாக உறிஞ்சுங்கள்.

கடைசியில் பில். மெக்சிகோவிலேயே சாப்பிடுவதாக இருந்தால் நீங்கள் கேட்காமல் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அமெரிக்காவில் ஆறேழு பேருக்கு மேல் போனால் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த வரியைப் பார்க்காமல் மேலே இன்னொரு 20 சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ என்றால் சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. விருப்பமில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம், கூச்சமே வேண்டாம்.