ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

ஆய்வுப் படிப்புக்கு வழிகாட்டி தேடுகிறீர்கள். அல்லது செய்தியில் பேசிய ஒரு ஆய்வாளர் அந்தத் துறையில் என்னதான் செய்திருக்கிறார் என்று பார்க்க ஆசை. பெயரைத் தட்டியதும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் ஓரத்தில் சில எண்களை அடுக்கிக் காட்டும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், படி 3இல் வருவோம்.

படி 1: ஆள் அவர்தானா?

பாதி வேலை இங்கேதான். மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் 'வாங் ஒய்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும். எழுதியவர் ஒருவரல்ல, பல பேர். 2002க்கு முந்தைய கட்டுரைகளை அங்கே முழுப்பெயரால் தேடவும் முடியாது. குடும்பப் பெயரும் முதலெழுத்தும்தான்.

ஆகவே முதலில் அவருடைய ஆர்கிட் எண்ணை, அதாவது ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணைப் பிடியுங்கள். 16 இலக்கங்கள், ஆளுக்கு ஒன்று, 2012 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சிலர் எண்ணை வாங்கிவிட்டுப் பக்கத்தைக் காலியாகவே போட்டிருப்பார்கள். அப்போது நிறுவனம், நோய், கூட எழுதுபவர்கள் என்று பார்த்துச் சலிக்க வேண்டியதுதான்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் பட்டியலில் பல் மருத்துவக் கட்டுரைகளும் இருந்தன. எவ்வளவு பரந்த ஆர்வம் என்று வியந்தேன். அரை நாள் போன பிறகுதான் அது இரண்டு பேர் என்று உறைத்தது.

படி 2: பெயர் எந்த இடத்தில் நிற்கிறது?

கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் வழக்கம் வேறு. முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் நிற்பவர் ரத்த மாதிரி கொடுத்திருக்கலாம், புள்ளியியல் பார்த்திருக்கலாம், நிஜமாகவே பாதி வேலையைச் செய்துமிருக்கலாம். 120 கட்டுரையில் 100க்கு நடுவில்தான் பெயர் என்றால், அந்த 100ஐ வைத்து அவருடைய ஆய்வு எது என்று சொல்ல முடியாது. முதலிலோ கடைசியிலோ வரும் 20ஐத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சிறு பட்டியல்தான் முக்கியம்.

படி 3: இப்போது எண்கள்

ஹெச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஐந்து கட்டுரைகளுக்குத் தலா ஐந்து மேற்கோளாவது இருந்தால் அது 5, ஆறுக்குத் தலா ஆறாவது இருந்தால் 6. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஏழு கட்டுரைகள். மேற்கோள்களை, அதாவது ஒவ்வொன்றையும் எத்தனை கட்டுரைகள் குறிப்பிட்டன என்பதை, இறங்குவரிசையில் எழுதினால் 90, 41, 12, 9, 6, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்துக்குக் குறையவில்லை, சரி. ஆறாவதுக்கு 5தான், போதவில்லை. ஆக ஹெச்-இண்டெக்ஸ் 5. அந்த 90, 900 ஆனாலும் இது 5தான். வயதாக ஆக ஏறுமே தவிர இறங்காது. இளையவரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிடாதீர்கள். கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்துக்குக் குறையாமல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இவருக்கு 3.

இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் ஆய்விதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக விழும் மேற்கோள், ஆய்விதழுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

படி 4: துறையோடு ஒப்பிடுங்கள்

அரிய நோயைப் பற்றி எழுதுபவருக்கும் புற்றுநோயைப் பற்றி எழுதுபவருக்கும் வாசகர் கூட்டமே வேறு. இதைச் சரிக்கட்ட அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசத் தளம் உதவும். கட்டுரைகளின் பப்மெட் எண்களை உள்ளே கொடுத்தால், ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் அதன் துறையோடு ஒப்பிட்ட விகிதம் வரும். அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1.0. படி 2இல் எழுதிய 20ஐ இதில் போடுங்கள்.

படி 5: ஏன் மேற்கோள் காட்டினார்கள்?

புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன லௌரியின் 1951 கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். பெரிய கண்டுபிடிப்பு என்பதால் அல்ல, ஆய்வகங்கள் அந்த முறையை அன்றாடம் பயன்படுத்தியதால். இன்னொரு பக்கம், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் ஆய்விதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதையும் ஏராளமானோர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் மறுப்பதற்காக. எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அதிக மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளையாவது பப்மெட்டில் திறந்து, திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கிறதா, அது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரையா என்று பாருங்கள். ரிவ்யூக்களுக்கு மேற்கோள் பொதுவாகவே அதிகம் விழும்.

குறித்துக்கொள்ளும்போது எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஒரே ஆளுக்கு ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளம் காட்டுவதைவிட கூகுள் ஸ்காலர் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.