ஊரில் கிணறு, வெளிநாட்டில் நீங்கள்: மென்னீராக்கி பூட்டுவோர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. இதுதான் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை, தலையில் சவர்க்காரம் நுரைக்காத குளிப்பு, துளை அடைபட்ட ஷவர் எல்லாம் அதன் விளைவு. கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் ஊர் வீட்டைத் திருத்தும்போது 'அப்படியே ஒரு சொஃப்ட்னரும் போட்டுவிடுங்கோ' என்று சொல்லிக் காசை அனுப்பிவிடுகிறார்கள். சொஃப்ட்னர் என்பதுதான் மென்னீராக்கி, வன்னீரை மென்னீராக்கும் மெஷின். இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால் மெஷின் மூலையில் நிற்கும், கேத்திலில் படையும் அப்படியே நிற்கும். மெஷின் பழுதாகியிருப்பது அரிது. பூட்டுவதற்கு முன் எடுத்த முடிவுகளில்தான் பெரும்பாலும் கோளாறு.

நோய் தெரியாமல் மருந்து

மென்னீராக்கி ஒரேயொரு வேலைதான் செய்யும். அதன் உருளைக்குள் இருக்கும் றெசின் மணிகள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக்கரைசலால் கழுவித் திரும்பச் சோடியம் ஏற்ற வேண்டும், அதுதான் மீளூட்டல். கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு குறையாது. சவர்த்தண்ணி நல்ல தண்ணியாகாது. உரத்தாலும் மலசலகூடக் குழியாலும் வரும் நைத்திரேற்று போகாது, கிருமி சாகாது, சுன்னாகம் பக்கக் கிணறுகளில் பேசப்பட்ட எண்ணெய்க் கசிவுக்கும் இது மருந்தல்ல. தீவுப்பகுதியிலோ கரையோரத்திலோ கிணறு உவர்ந்திருந்தால் மென்னீராக்கிக்குச் செலவழிக்கும் காசு வீண்தான். அத்தோடு தண்ணீரில் சோடியம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் றெசின் தன் சொந்த வேலையையே அரைகுறையாகத்தான் செய்யும்.

ஆகவே முதலில் ஆய்வுகூட அறிக்கை வேண்டும். வன்மை (கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தின் அளவு), குளோரைட்டு, மொத்தக் கரைந்த திண்மம், நைத்திரேற்று, இரும்பு என்ற ஐந்தையும் கேளுங்கள். மாதிரியை மாரி முடிந்த கையோடு எடுக்காதீர்கள். அப்போது கிணறு மழைநீரால் நிறைந்திருக்கும், எண் அழகாக வரும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது எடுத்ததுதான் கணக்குக்கு உதவும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 614 இல் வன்மையின் உச்சம் லீற்றருக்கு 250 மில்லிகிராம். அறிக்கையில் வன்மை கல்சியம் காபனேற்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, வெறும் கல்சியமாகவா என்று பாருங்கள். வெறும் கல்சியம் என்றால் 2.5 ஆலும், மக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

காந்தம் என்றும் 'எலெக்ரோனிக்' என்றும் குழாயைச் சுற்றிக் கட்டும் பெட்டிகளை மென்னீராக்கி என்று விற்பவர்களும் உண்டு. அவை தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, நாலு சொட்டுத் திரவச் சவர்க்காரம் விட்டுக் குலுக்குங்கள். மென்னீர் என்றால் நுரை எழும்பி நிற்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். வன்னீர் என்றால் பால்போலக் கலங்கும்.

பெட்டியில் எழுதிய எண்

ரொறன்ரோக் கடையில் '48,000 கிரெயின்' என்று எழுதியிருக்கும். கிரெயின் ஒரு சிறிய எடை அலகு, ஒரு மீளூட்டலுக்குப் பிறகு றெசின் பிடிக்கக்கூடிய வன்மையை அது குறிக்கிறது. அது 42 லீற்றர் றெசினுக்கு ஒரு தடவையில் ஏறத்தாழ 10 கிலோ உப்பைக் கொட்டினால் கிடைக்கும் அளவு. அதே உருளைக்கு 4 கிலோ உப்பு மட்டும் விட்டால் 30,000 கிரெயின் கிடைக்கும். இரண்டரை மடங்கு உப்புக்கு ஒன்றரை மடங்கு வேலைதான். சிக்கனமான அமைப்பு என்றால் ஒரு லீற்றர் றெசினுக்கு 100 கிராம் உப்பு. அந்த அளவில் ஒரு லீற்றர் றெசின் சுமார் 46 கிராம் வன்மையைப் பிடிக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மூன்று பேர். குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, வெந்நீர் மட்டும் ஆளுக்கு 120 லீற்றர் என்றால் நாளுக்கு 360 லீற்றர். வன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 144 கிராம். 25 லீற்றர் றெசின் 1,150 கிராம் பிடிக்கும், எட்டு நாள் வரும். ஒரு நாளைக் கைக்காவலாக வைத்து ஏழு நாளுக்கு ஒருமுறை மீளூட்டல், தடவைக்கு 2.5 கிலோ உப்பு, மாதத்துக்குப் பத்துப் பதினொரு கிலோ. இவ்வளவுதான் தேவை. இதே வீட்டுக்கு இரு மடங்கு மெஷினை வாங்கிப் பூட்டி, அமைப்பை உச்சத்தில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மெஷினின் கட்டுப்பாட்டு வால்வில் எண் ஏற்றும்போது அலகைக் கவனியுங்கள். அமெரிக்க கலன் 3.785 லீற்றர், பிரித்தானிய கலன் 4.546. அமெரிக்க கலனுக்கு ஒரு கிரெயின் வன்மை என்பது லீற்றருக்கு 17.1 மில்லிகிராம், ஜேர்மன் பாகை ஒன்று 17.8. சுவிஸிலும் பிரான்சிலும் இருப்பவர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சுப் பாகை 10 தான். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றினால் அரைவாசி நேரம் வன்னீர்தான் குழாயில் வரும், பழி மெஷினில் விழும்.

அழுத்தம் இல்லாத தாங்கி

நம்மூர் வீடுகளில் அதிகம் நடப்பதும், வெளிநாட்டுக் கையேடு எதிலும் எழுதியிராததுமான பிழை இது. அங்கே தெருக் குழாயில் எந்த நேரமும் மூன்று நாலு பார் அழுத்தம் இருக்கும். இங்கே கிணறு, மோட்டர், மேலே தாங்கி. பத்து மீற்றர் உயரத்துக்குத்தான் ஒரு பார். பதினைந்து அடித் தூணில் நிற்கும் தாங்கி அரைப் பார்கூடத் தராது. தன்னியக்க வால்வு உப்புக்கரைசலை உறிஞ்ச ஏறத்தாழ ஒன்றரைப் பாராவது வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் வால்வு தன்பாட்டுக்குச் சுற்றும், எல்லாக் கட்டமும் முடிந்ததாகக் காட்டும், உப்பு மட்டும் இறங்காது. மாதக்கணக்காக உப்புத்தொட்டியில் உப்பு குறையவேயில்லை என்றால் 'சிக்கனமான மெஷின்' என்று சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை.

'அப்ப மோட்டருக்கும் தாங்கிக்கும் நடுவில் பூட்டுவம், அங்கே அழுத்தம் இருக்குதானே' என்பார் பிளம்பர். அழுத்தம் இருக்கும், மோட்டர் ஓடும்போது மட்டும். மீளூட்டல் நடப்பது விடியப்புறம் இரண்டு மணிக்கு. அந்த நேரம் தாங்கி நிறைந்து மிதவை மோட்டரை நிறுத்தியிருக்கும், வால்வுக்கு ஒரு சொட்டும் வராது. அதோடு இந்த இடத்தில் பூட்டினால் மரக்கறித் தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் போகும் தண்ணீர் முழுவதும் மென்னீராகும். தோட்டக் குழாயில் நாளுக்கு ஆயிரம் லீற்றர் போனால் அது மட்டும் 400 கிராம் வன்மை, மேலே போட்ட கணக்கைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

சரியான ஒழுங்கு இது: தாங்கியிலிருந்து இறங்கும் குழாயைக் கீழே இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று குசினிக்கும் மலசலகூடத்துக்கும் வளவுக்கும் நேரே போகட்டும். மற்றதில் இரண்டரைப் பார் அளவில் தரும் சிறிய அழுத்த பம்ப், அடுத்து 20 மைக்ரோன் வண்டல் பில்டர், அடுத்து மென்னீராக்கி, அங்கிருந்து குளியலறைக்கும் தோய்க்கும் மெஷினுக்கும் வெந்நீர்த் தாங்கிக்கும். 25 லீற்றர் றெசினுக்கு ஒரு மீளூட்டலில் 150 லீற்றர் அளவில் தண்ணீர் செலவாகும். இரவில் தாங்கியில் அது இருக்க வேண்டும். மென்னீராக்கிக்குள் போகாமல் தண்ணீரை நேரே விடும் பைபாஸ் வால்வு இல்லாமல் பூட்ட விடாதீர்கள். பில்டர் கோதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிணறு கலங்கும் மாரிகாலத்தில் அதற்கு முன்பே தேவைப்படும்.

கழிவு எங்கே போகிறது?

உப்புத்தொட்டியில் போடும் உப்பின் குளோரைட்டு முழுவதும் கழிவுக் குழாயால் வெளியே போகிறது. வாரம் 2.5 கிலோ, வருடத்துக்கு 130 கிலோ. உப்பே இல்லாத தண்ணீர் மூன்று இலட்சம் லீற்றரைக் குடிநீரின் குளோரைட்டு எல்லையான 250 மில்லிகிராமுக்கு ஏற்ற இது போதும். நம்மூர் மண் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், கீழே வெடித்த சுண்ணக்கல். கிணற்றடி வாய்க்காலில் விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உப்பு உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். அயலவர் கிணற்றுக்கும் போகும். கிணற்றிலிருந்து ஆக எட்டத்து மூலைக்குக் குழாயைக் கொண்டுபோங்கள். தென்னை ஓரளவு தாங்கும். வாழையும் எலுமிச்சையும் தாங்கா. உண்மையைச் சொன்னால் நமது வளவுகளில் இதற்கு முழுக்கச் சரியான இடம் கிடையாது. தேவையான தண்ணீரை மட்டும் மென்மையாக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குடிநீர்க் குழாயைச் சேர்க்காததற்கு இன்னொரு காரணம்: வன்மையின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.46 மில்லிகிராம் சோடியம் ஏறும். வன்மை 400 என்றால் லீற்றருக்கு 184 மில்லிகிராம். இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்கும் அம்மா அப்பாவுக்கு அது வேண்டாம். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குசினிக்குத் தனியாக, தண்ணீரைச் சவ்வால் வடிக்கும் ஆர்ஓ பில்டர் பூட்டுங்கள். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று குறையாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

உப்பு

வெளிநாட்டில் கிடைக்கும் வில்லை உப்பு இங்கே எல்லாக் கடையிலும் இராது. உப்பளத்துக் கல்லுப்பில் மண்ணும் ஜிப்சமும் மக்னீசியமும் கலந்திருக்கும். தொட்டியின் அடியில் சேறாகப் படிந்து, உறிஞ்சும் துளையை அடைக்கும். அந்தத் துளை ஊசி முனையளவுதான். கழுவிய, வெள்ளையான, பருமனான கல்லுப்பு பாவிக்கலாம். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, வால்விலுள்ள துளையையும் வலையையும் கழற்றி எடுத்துப் பல்துலக்கும் தூரிகையால் தேய்க்க வேண்டும். சாப்பாட்டுத் தூளுப்பைக் கொட்டாதீர்கள். களியாக இறுகிவிடும்.

தொட்டியை நிரப்பியும் வைக்காதீர்கள். நம்முடைய ஈரக் காற்றில் மேல்பகுதி ஓடாக இறுகி, கீழே வெறும் தண்ணீர் நிற்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு உப்பு நிறைய இருப்பதாகத் தெரியும். தும்புத்தடிக் காம்பால் குத்திப் பார்த்தால் டொக்கென்று சத்தம் வரும். அரைத் தொட்டி போதும். 25 கிலோ மூட்டையை எழுபது வயதுக்காரர் தூக்க முடியாது என்பதையும் நினைத்துச் சிறு பொதியாக வாங்க ஒழுங்கு செய்யுங்கள்.

கப்பலில் அனுப்புவது

கனடாவில் வாங்கிக் கொள்கலனில் போட்டால் மலிவு என்று தோன்றும். அடப்டர் 110 வோல்ற்றுக்கானது என்றால் இங்கே 230 இல் செருகியவுடன் போய்விடும். குழாய்ப் புரியும் வேறு: வட அமெரிக்கப் புரி 60 பாகை, இலங்கையில் பாவிக்கும் பிரித்தானியப் புரி 55. முக்கால் அங்குலத்தில் இரண்டும் பிடிப்பதுபோல் ஏறிப் பிறகு ஒழுகும். முத்திரை வளையம் ஒன்று போனால் அதுவும் அங்கிருந்துதான் வரவேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உதிரிப்பாகம் கிடைக்கும் வால்வாகப் பார்த்து உருளையையும் றெசினையும் இங்கேயே வாங்குவது நல்லது. வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டாமல் ஓட்டைகளை அடையுங்கள்.

ஆளில்லாத வீடு

நாள் கணக்கில் இயங்கும் வால்வு, வீடு பூட்டிக்கிடந்தாலும் உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஓடிய தண்ணீரை அளந்து இயங்கும் மீற்றர் வால்வே வெளிநாட்டில் இருப்பவருக்குச் சரி. கறண்ட் அடிக்கடி போய்வந்தால் மணிக்கூடு பின்தங்கி, இரண்டு மணி மீளூட்டல் பகலில் நடக்கும். நேரத்தை மாதமொருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

'எல்லாம் ஓடுது' என்ற பதிலோடு நிற்காதீர்கள். வன்மையை அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, வட்ஸ்அப் வீடியோவில் சிவப்பு நீலமாகும்வரை சொட்டை எண்ணச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயில் ஒன்றிரண்டு சொட்டோடு மாற வேண்டும். அதோடு உப்பின் மட்டத்துக்கு ஒரு படம். போன மாதத்தை விட இறங்கியிருக்க வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போடும் நாட்களில் பைபாஸில் விடுங்கள். குளோரின் றெசினைச் சிதைக்கும். தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்புத் திட்டம் 2024 இல் தொடங்கியபின் குழாய்நீர் கிடைக்கும் வீடுகள், அந்தத் தண்ணீரின் வன்மையை முதலில் அளந்து பாருங்கள். கடல்நீரைச் சவ்வால் வடித்து எடுக்கும் தண்ணீருக்கு மென்னீராக்கி பெரும்பாலும் தேவைப்படாது.

வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைப்பதானால் ஒரு மீளூட்டலை ஓடவிட்டு, பைபாஸில் திருப்பி, செருகியைக் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் குளிக்கப் போகாதீர்கள். தேங்கிய றெசினில் கிருமி வளர்ந்திருக்கும். வாசனை சேர்க்காத 5 வீத வெளிற்றும் திரவத்தில் 30 மில்லிலீற்றரை உப்புத்தொட்டியின் உள்குழாய்க்குள் ஊற்றி, கையால் ஒரு முழு மீளூட்டலைத் தொடக்குங்கள். முடிந்ததும் குழாய்களைத் திறந்து, குளோரின் மணம் போகும்வரை ஓடவிடுங்கள்.