கண்ணாடி இழையால் ஓர் ஓவியம்: ரோமானிய நுண்மொசைக் பதக்கம் செய்யும் முறை

ரோமானிய நுண்மொசைக் பதக்கத்தை முதன்முறை பார்ப்பவர் அதைத் தூரிகையால் தீட்டிய ஓவியம் என்றே கருதுவார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போதுதான், புறாவின் கழுத்தில் தெரியும் நீலமும் சாம்பலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள கண்ணாடிச் சில்லுகளை நெருக்கி நட்டதால் உண்டானவை என்பது புலப்படும்.

புனித பேதுரு பேராலயத்தில் ஈரத்தால் கெட்டுவந்த ஓவியங்களுக்குப் பதிலாக மொசைக் படங்களை அமைக்கும் பணிக்கென, வத்திக்கானில் 1727-இல் நிலையான பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. அங்கு பயன்பட்ட ஒளிபுகாத வண்ணக் கண்ணாடிக்கு ஸ்மால்ட்டி என்று பெயர். அதைச் சுடரில் உருக்கி இழையாக இழுக்கும் ஸ்மால்ட்டி ஃபிலாட்டி முறை பழகிய பின்னர், சுவரளவு இருந்த கலை விரல்நுனி அளவுக்குச் சுருங்கியது. மொசைக் கலைஞர் ஜாக்கொமோ ரஃபாயெல்லி இவ்வகைச் சிறு படைப்புகளை 1775-இல் ரோமில் காட்சிக்கு வைத்தார். இத்தாலியைச் சுற்றிப்பார்க்க வந்த செல்வந்தர்கள் கொலோசியத்தையும், திவோலியில் 1737-இல் கண்டெடுக்கப்பட்ட புறா மொசைக்கையும் நகையாக வாங்கிச் சென்றனர்.

செய்து பழக விரும்புவோர் கட்டடங்களையோ முகங்களையோ முதலில் எடுக்க வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நீள்வட்டப் பதக்கத்தில் ஓர் இலை அல்லது இறகு போதுமானது. விளிம்பு உயர்ந்த செப்புத் தட்டு ஒன்றை இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் செய்துகொண்டு, அதன் உட்புறத்தைச் சாந்து பிடிக்கும்படி கீறி வைக்க வேண்டும்.

வேலையின் உயிர் இழையில் இருக்கிறது. கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்து டார்ச் சுடரில் காட்டி, அது தேனைப் போல் இளகியதும் மற்றோர் இடுக்கியால் நுனியைப் பற்றி ஒரே சீராக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மயிரிழையாக மெலியும், தயங்கினால் நடுவில் பருத்துவிடும். இரண்டு நிறங்களைச் சுடரிலேயே பிசைந்து இடைப்பட்ட சாயலைப் பெறலாம். ஆனால் வெப்பத்தில் விரியும் அளவு ஒத்திராத கண்ணாடிகளைச் சேர்த்தால் ஆறும்போது விரிசல் விடும் என்பதால், ஒரே வகைக் கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும். ஒரே இழைக்குள் பல சாயல்கள் ஓடும்படி செய்வதற்கு மால்மிஸ்கியாட்டி என்று பெயர். ரோமானிய மொசைக் கலைஞர் அந்தோனியோ அகுவாத்தியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த நுட்பத்தால் ஒரு சில்லே ஓர் இதழின் ஒளியையும் நிழலையும் காட்டிவிடும். இறகு செய்பவர் ஒரே பச்சையில் ஐந்தாறு சாயல்களையாவது இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இழையை அரத்தால் இலேசாகக் கீறி, மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக ஒடிக்கலாம். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது.

சாந்து என்பது சுண்ணாம்பும் டிராவர்ட்டின் கல்லின் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த கலவை. இது மெதுவாக இறுகுவதால், தவறாக நட்ட சில்லைப் பிடுங்கி மாற்ற அவகாசம் கிடைக்கிறது. வேகமாக இறுகும் இக்காலப் பசைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் அதை நீரில் நனைத்த பின்னரே எறிய வேண்டும். தட்டை முதலில் பிளாஸ்டர் சாந்தால் நிரப்பி, அதன்மேல் படத்தை வரைந்து, ஒரு சிறு பகுதியை மட்டும் சுரண்டியெடுத்து அவ்விடத்தில் எண்ணெய்ச் சாந்தை இட்டு, சில்லுகளைச் சாமணத்தால் செங்குத்தாக நட்டுக்கொண்டே போவது வத்திக்கான் பட்டறையின் வழக்கம். இதனால் எஞ்சிய வரைபடம் கடைசிவரை கண்முன் இருக்கும். இறகின் நடுநரம்பை முதலில் நட்டு, பக்கத் தூவிகள் வளரும் திசையிலேயே வரிசைகளைச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். நிறம் சற்றுப் பிசகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும், வரிசையின் ஓட்டம் பிசகினால் இறகு இறகாகத் தெரியாது.

சாந்து முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் மேற்பரப்பை நீர் விட்டுத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். உலரத் தேய்த்தால் எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. பழைய ஸ்மால்ட்டியில் ஈயமும் கலந்திருக்கும். இடைவெளிகளில் அந்தந்த நிறத்துக்கேற்ற மெழுகைத் தேய்த்து நிரப்பி, மென்துணியால் மெருகேற்றினால் பதக்கம் அணியத் தயாராகும். பின்னாளில் அழுக்குப் படிந்தாலும் நீரில் ஊறவைக்கக் கூடாது. சாந்து இளகிச் சில்லுகள் உதிரக்கூடும் என்பதால் உலர்ந்த மென்துணியால் துடைப்பதே போதுமானது.