புது மெஷின் வந்தால் அந்த வேலை எந்தச் சங்கத்துக்கு? சண்டை வருவதற்கு முன்பே பேசி முடிப்பது எப்படி

வெல்டிங் ரோபோ வந்து இறங்கிய முதல் வாரமே தகராறு ஆரம்பித்துவிடும். டார்ச் இனி ரோபோவின் கையில்தான், ஆனால் அந்தக் கை எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்று டீச் பென்டன்டை, அதாவது ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கும் கைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே. எந்த ஜாயின்டில் ஓட்டை விழும் என்று இருபது வருஷமாகப் பார்த்தவன் நான், அது என் வேலை என்பார் வெல்டர். கன்ட்ரோல் பேனலில் தொடங்கும் எதுவும் மெயின்டனன்ஸ் வேலை என்பார் எலக்ட்ரீஷியன். இருவரும் வேறு வேறு சங்கம் என்றால் வாசல் கூட்டம், துண்டறிக்கை என்று ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்தில் சப்ளையர் அனுப்பிய கான்ட்ராக்ட் பையன் பென்டன்டோடு பழகிவிடுவான், நிர்வாகமும் அவனையே வைத்துக்கொள்ளும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நோட்டீஸ். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மாற்றம் என்றால் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இது 9ஏ பிரிவு, 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் 40ஆம் பிரிவு. "ஒருத்தருக்கும் வேலை போகாது, அதனால் நோட்டீஸ் தேவையில்லை" என்று சொன்னால், சரி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதம் பின்னால் ரொம்ப உதவும்.

அப்புறம் மெஷின் பக்கத்தில் ஒரு முழு ஷிப்ட் நின்று, நடக்கிற ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். யார் செய்தார் என்பதை விட என்ன செய்தார் என்பது முக்கியம். பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கில் அதைப் பூட்டுவது, டிப் மாற்றுவது, நாசிலில் ஒட்டியிருக்கும் ஸ்பேட்டரை, தெறித்த உலோகத் துளிகளைச் சுரண்டுவது, வயர் ஸ்பூல் மாற்றுவது, அலாரம் வந்தால் ரீசெட் செய்வது, புரோகிராமில் ஒரு புள்ளியை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவது, ரோபோ விட்டுப்போன இடத்தைக் கையால் டச்-அப் அடிப்பது, ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக்குள் போகும்போது யார் பூட்டைப் போட்டு யார் சாவியை வைத்திருப்பது என்பதுவரை. "ரோபோ ஆபரேஷன்" என்று ஒரே வார்த்தையில் உரிமை கேட்டால் இரண்டு சங்கமும் முட்டிக்கொண்டுதான் நிற்கும். இப்படிப் பிரித்து எழுதினால் முக்கால்வாசி வேலை யாருடையது என்பதில் தகராறே இருக்காது, மிஞ்சுகிற மூன்று நான்கு வேலைகளைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போகாதீர்கள், முதலில் அடுத்த சங்கத்திடம் போங்கள். டீக்கடையிலோ யாராவது வீட்டிலோ, இரண்டு பக்கமும் அந்த மெஷினைத் தொட்டு வேலை செய்கிற இரண்டிரண்டு பேரோடு உட்காருங்கள். பாதை சொல்லிக்கொடுப்பது வெல்டர், பேக்கப் எடுப்பதும் கன்ட்ரோலர் பழுதும் எலக்ட்ரீஷியன், இருவருக்கும் ஒரே பயிற்சி என்கிற மாதிரி ஏதோ ஒரு பங்கு அங்கேயே முடிவாக வேண்டும்.

இது முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தைப் பாருங்கள். 2008 ஒப்பந்தத்தில் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தானியங்கி இயந்திரங்களை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகப் பராமரிப்பு வேலைகளைக் கேட்டு வாங்கியது. நல்ல பேரம்தான். ஆனால் அங்கே 6ஆம் முனையத்தில் குளிர்சாதனக் கன்டெய்னர்களுக்கு பிளக் மாட்டுவது, கழற்றுவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் வெகுகாலமாக எலக்ட்ரீஷியன் சங்கத்தார் செய்துவந்த வேலை. மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு ஆள் வேலை. அதையும் துறைமுகச் சங்கம் கேட்டதால் 2012இல் தகராறு வெடித்தது. தேசியத் தொழிலுறவு வாரியம் அந்த வேலையை எலக்ட்ரீஷியன்களுக்கே கொடுத்தது. அதற்குப் பிறகும் இழுபறி ஓயவில்லை, 2015இல் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் போர்ட்லாந்தை விட்டே போய்விட்டது. வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள் என்ற வழக்கில் 2019இல் ஜூரி துறைமுகச் சங்கத்துக்கு எதிராக 9.36 கோடி டாலர் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி அதைக் குறைத்தும் சங்கம் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட வேண்டிவந்தது. இரண்டு ஆள் வேலைக்காக ஒரு முனையமே கன்டெய்னர் கப்பல் இல்லாமல் கிடந்தது, அதில் இரண்டு சங்கத்துத் தொழிலாளியும்தான் பாதிக்கப்பட்டார். அதனால் பேச்சு முறிந்தாலும் வேலையை நிறுத்தாமல், மெதுவாக்காமல், அரசுத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போங்கள்.

ஒப்பந்தம் போடும்போது ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் இன்னமும் 18(1) என்று சொல்கிற, நிர்வாகத்தோடு போடும் நேரடி ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன் போடும் 12(3) ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். இரண்டு சங்கம் இருக்கிற இடத்தில் 12(3) தான் வேண்டும். அதில் மெஷின் மாடல் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், நாளைக்கு வேறு மாடல் வந்தால் பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும். "இந்த வேலையைச் செய்யும் எந்த இயந்திரத்துக்கும்" என்று எழுதுங்கள். வாரன்டி முடியும் தேதியும் அதில் வர வேண்டும், சப்ளையர் ஆள் இருக்கும்வரை நம் ஆள் ஒருவர் ஷிப்டுக்கு ஷிப்ட் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார் என்றும் வர வேண்டும்.

கடைசியாக, இரவு ஷிப்ட். பகலில் எல்லோரும் ஒப்பந்தப்படிதான் நடப்பார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரை ரீசெட் பண்ணச் சொல்லுவார் ஷிப்ட் இன்சார்ஜ். ஆறு மாதம் அப்படியே போனால் அதுவே வழக்கமாகிவிடும். வேலைப் பங்கீட்டைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ரோபோ வேலியிலேயே ஒட்டுங்கள், ஒரு ரெஜிஸ்டரும் தொங்கவிடுங்கள். எத்தனை மணிக்கு அலாரம், யார் தொட்டார், யார் சொல்லித் தொட்டார் என்று மூன்றே மூன்று கட்டம். மாதம் ஒருமுறை இரண்டு சங்கத்து ஆட்களும் சேர்ந்து அதைப் புரட்டிப் பாருங்கள்.