ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: டிஸ்க்கைப் பிரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். “அண்ணே, ஒரே ஒரு டிக்தான் போட்டேன். விண்டோஸைக் காணோம்” என்றான்.

திறந்து பார்த்தேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு ஜோராக ஓடியது. விண்டோஸ் இருந்த பெரிய பார்ட்டிஷனும் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அப்படியே இருந்தது. போனது வெறும் 100 எம்பி. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இயங்கும் கணினிகளில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒன்று இருக்கும். கணினி எழுந்ததும் எதை ஏற்றுவது என்று சொல்லும் கோப்புகள் அதில்தான். தம்பிக்கு அது ஏதோ மிச்சம் விழுந்த துண்டாகத் தெரிந்திருக்கிறது. ஃபார்மட் கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸும் பயன்படுத்தலாம், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆளுக்கொரு ஃபோல்டர் என்று இரண்டும் அதற்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஃபார்மட் மட்டும் கூடாது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் ஏற்றி, கட்டளைத் திரையில் பிசிடிபூட் (bcdboot) என்ற கட்டளையைக் கொடுத்து அந்தக் கோப்புகளை மறுபடி எழுதவைத்தேன். அவன் பாட்டியின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நிறையப் பேர். கடைக்கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸும் வேண்டும், மற்றதற்கு லினக்ஸ் போதும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் நான் பார்த்தவரை, பாதிச் சிக்கல் பென்டிரைவைச் செருகும் முன்னே விண்டோஸுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் போய் சி டிரைவைத் தொட்டால், ‘படிக்க மட்டும்’ என்று திறக்கும், இல்லையென்றால் திறக்கவே மறுக்கும். வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், உரிமையாளருக்கே தெரியாது. லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸைத் திறந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இருப்பது அந்தக் கணக்கில். கணக்கைத் திறந்து கொடுத்தவரோ, லேப்டாப் விற்ற கடையில் அப்போது வேலை பார்த்த பையன்! கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சாவியை முன்கூட்டியே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி இடம் ஒதுக்குவது. சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்குங்கள். 120 ஜிபி காலியாக இருந்தும் 9 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது சொல்லலாம். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல் போன்றவை நகராமல் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தை வெறுமனே விடவேண்டும். அதில் புது வால்யூம் போடாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் போகாது. ஐந்தாவது கேட்டால், டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் பவ்யமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி மாறிய டிஸ்கோடு லினக்ஸ் நிறுவியை வைத்துப் போராடுவது பெரும்பாடு.

ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளைக் கொண்டு பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்தினால் உள்ளே இருப்பதை எல்லாம் புது இடத்துக்குப் படியெடுக்கும், மணிக்கணக்கில் ஆகும். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்குமேல் இடி இடிக்கும், கரண்டு போகும், பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. காலையிலேயே முடித்துவிடுங்கள். முந்தைய நாளே முக்கியமானதை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற வரியைத் தொடாதீர்கள். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென்டிரைவும் அதே முறையில் ஏறவேண்டும். உபுண்டு 25 ஜிபி போதும் என்கிறது. நான் 50-க்குக் குறைத்துக் கொடுக்கமாட்டேன். ஹைபர்நேட் தேவையில்லாதவர்களுக்கு ஸ்வாப் பார்ட்டிஷனும் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) தேவையில்லை, 17.04 பதிப்பிலிருந்தே உபுண்டு ஸ்வாப் ஃபைலுக்கு மாறிவிட்டது.

எல்லாம் முடிந்து விண்டோஸுக்குள் போனால், சாயங்காலம் நான்கு மணி காலை எட்டாகக் காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கு வித்தியாசம் எட்டு மணி. (1982 பிறந்தபோது தீபகற்பத்தில் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியிருக்காவிட்டால் ஏழரை! ஏழரை என்றால் நம் ஆட்கள் உடனே சனியைத்தான் பிடித்திருப்பார்கள்.) லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற, அதன் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) என்ற ஒரு வரி போதும். மழை விட்டுக் கிளம்பிய தம்பி, மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டதும் இந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான்.