அன்லிமிடெட் ஹோஸ்டிங்: இடம் மிச்சமிருக்கும், தளம் நின்றுவிடும்

என் சித்தி மகன் கல்யாண போட்டோ எடுக்கிறவன். அவனுடைய வெப்சைட்டுக்கு "அன்லிமிடெட் இடம், அன்லிமிடெட் பேண்ட்வித்" என்று ஒரு ஹோஸ்டிங் பிளானை, அதாவது தளத்தின் ஃபைல்களை வைக்க சர்வரில் வாடகை இடத்தை, மூன்று வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்த நேரத்தில் புது ஆல்பத்தை ஏற்ற முடியவில்லை. விசாரித்து எழுதுகிறவர்களின் மெயிலும் உள்ளே வரவில்லை. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்து பார்த்தேன். இடம்: 31 ஜிபி, வரம்பு இல்லை. கொஞ்சம் கீழே ஃபைல் எண்ணிக்கை: 2,50,000-க்கு 2,50,000.

ஜிபியை மட்டும் பார்த்து வாங்கியது என் முதல் தவறு. சர்வரில் ஒவ்வொரு ஃபைலும், ஒவ்வொரு ஃபோல்டரும் ஓர் ஐநோடாகக் கணக்கில் ஏறும். 5 எம்பி போட்டோவும் ஒன்றுதான், 1 கேபி துணுக்கும் ஒன்றுதான். விளம்பரத்தில் இடத்துக்கு அளவில்லை. ஐநோடுக்கு அளவு உண்டு, அது விதிமுறைப் பக்கத்தில் எங்கோ இருக்கும்.

கல்யாண போட்டோ அப்படி என்ன எண்ணிக்கை என்கிறீர்களா? கேமராவிலிருந்து வந்த பெரிய படம் ஒன்றை, அவன் தளம் ஓடும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஏற்றினால், அது 2560 பிக்சலுக்குச் சுருக்கி ஒரு படம் செய்கிறது. அப்புறம் 2048, 1536, 1024, 768, 300, 150 என்று வரிசையாக வெட்டுகிறது. மூலப் படத்தையும் சேர்த்தால் 8 ஃபைல். 500 படம் உள்ள ஆல்பம் 4,000 ஃபைலாகிவிடும். தளத்துக்குத் தோற்றம் தரும் தீம் தன் பங்குக்கு வேறு அளவுகளைக் கேட்டால் இன்னும் கூடும். மெயிலும் அங்கேயே இருந்தால், பொதுவாக ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். இன்பாக்ஸை ஐந்து வருடமாகக் காலி செய்யாத அலுவலகங்கள் இதில்தான் மாட்டுகின்றன. தயாரான பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) சேர்க்கும் குப்பை வேறு.

சரி, பேண்ட்வித், அதாவது தளத்திலிருந்து மாதம் போகும் டேட்டா? அதுவும் பெரும்பாலும் தீருவதில்லை. ஒரு பக்கம் 2 எம்பி என்றால், 10 ஜிபியில் மாதம் சுமார் 5,000 முறை திறக்கலாம். ஒரு சின்னக் கடைக்கு அது தாராளம். தளம் நிற்பது வேறு இடத்தில். பல கணக்குகள் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு சர்வர்கள் பலவற்றில் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, மெமரி, ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் கோரிக்கைகள் என எல்லாவற்றுக்கும் அது தனித்தனியாக வரம்பு போடுகிறது. இந்தக் கடைசி வரம்புக்கு என்ட்ரி புராசஸ் என்று பெயர். அது 20 என்றால் 20 பேர்தான் பார்க்கலாம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பக்கத்தைத் தயாரிக்க சர்வர் அரை வினாடி எடுத்தால், வினாடிக்கு 40 கோரிக்கை தாங்கும். ஐந்து வினாடி எடுத்தால் நான்குதான். ஐந்தாவது, ஆறாவது என்று வந்து குவியும்போது 508 என்ற எண்ணோடு பிழைப் பக்கம் வரும்.

508 வந்ததும் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவது அடுத்த தவறு. முதலில் பக்கம் ஏன் ஐந்து வினாடி எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக்இன் இழுத்துக்கொண்டிருக்கும். கேஷை ஒழுங்காகப் போட்டாலே பல தளங்கள் நிமிர்ந்துவிடும்.

மெயிலுக்கு மணிக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. சங்கக் கூட்ட அழைப்பை 800 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். வீடியோ, பேக்கப் கோப்புகளைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் பல அன்லிமிடெட் பிளான்களின் விதி.

என்னை இன்றும் உறுத்துவது பேக்கப்தான். அன்று எண்ணிக்கையைக் குறைக்கும் அவசரத்தில் ஒரு வருடத்துப் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன். தினசரி பேக்கப் என்று பிளானில் போட்டிருந்ததே என்று சப்போர்ட்டைக் கேட்டேன். ஒரு லட்சம் ஃபைலைத் தாண்டிய கணக்குகளுக்கு அது கிடையாது என்று பதில் வந்தது. மூலப் படங்கள் தம்பியின் ஹார்ட்டிஸ்கில் இருந்ததால் தப்பித்தோம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினான்.

பணம் கட்டுவதற்கு முன் சப்போர்ட் சாட்டில் நான்கு கேள்வி கேளுங்கள்: ஐநோடு எத்தனை, என்ட்ரி புராசஸ் எத்தனை, மணிக்கு எத்தனை மெயில், எத்தனை ஃபைல் தாண்டினால் பேக்கப் நின்றுபோகும். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எண் சொல்லாமல் "கவலைப்படாதீங்க சார், எல்லாம் அன்லிமிடெட்" என்று மழுப்பினால் அங்கே வாங்காதீர்கள்.

தம்பி இப்போது படங்களை 1500 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகே ஏற்றுகிறான். எட்டு ஃபைல் ஐந்தாகிவிட்டது.