ஆற்றில் இறங்கும் ஒரு நிமிடத்துக்காக மட்டும் மதுரைக்கு வராதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கும். "அழகர் ஆத்துல இறங்குறது என்னைக்கு? ஒரு நாள் வந்தா போதும்ல?" சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து ஆறு பேர், எட்டுப் பேராக வருகிறவர்களைப் பதினைந்து வருடமாகச் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறேன். என் வீடு தல்லாகுளத்துப் பக்கம். ஒரு நாள் போதாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

தேதியிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். சித்திரைத் திருவிழா என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு திருவிழாக்கள் இருக்கின்றன. ஒன்று மீனாட்சி கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் நடப்பது. எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். இன்னொன்று, சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி அழகர்மலையிலிருந்து கள்ளழகர் என்ற பெருமாள் புறப்பட்டு வைகை ஆற்றில் இறங்க வருவது. அதற்குச் சித்ரா பௌர்ணமிதான் கணக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சேர்த்துவைத்தாலும் இரண்டும் எல்லா வருடமும் ஒட்டி வருவதில்லை. 2024 இல் ஏப்ரல் 22 தேர், மறுநாள் 23 அழகர் ஆற்றில் இறங்கினார். அதைப் பார்த்தவர்கள் தேருக்கு மறுநாள் ஆறு என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். 2025 இல் மே 9 தேர், மே 12 ஆறு. நடுவில் இரண்டு முழு நாள். என்னிடம் பேசிய ஒரு குடும்பம் மே 10 இரவு ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுத்துவைத்திருந்தது. அழகர் மலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அவர்கள் மதுரையை விட்டுக் கிளம்பினார்கள். போன வருடத் தேதியை வைத்தோ, ஏதோ ஒரு பயணப் பக்கத்தில் போட்டிருக்கும் "ஏப்ரல் கடைசி" என்பதை வைத்தோ டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டு கோயில் நிர்வாகமும் நிகழ்ச்சி நிரல் வெளியிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தங்கும் இடம். மாசி வீதிகளுக்குள், கோயிலுக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கல்யாணத்துக்கும் தேருக்கும் அது சரி. தேரன்று காலையில் காபி குடித்துவிட்டு நடந்தே போய் மாசி வீதியில் நிற்கலாம். ஆனால் அழகர் நடமாட்டம் முழுக்க வைகைக்கு வடக்கே: மூன்றுமாவடி, தல்லாகுளம், கோரிப்பாளையம், அண்ணாநகர், வண்டியூர். அந்த நாட்களில் பாலங்களில் வண்டி விடமாட்டார்கள், ஆட்டோ கிடைக்காது, தெற்கிலிருந்து நடந்து ஆற்றைக் கடப்பதற்குள் பாதி இரவு போய்விடும். தேர் பார்த்து முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடகரைக்கு மாறிவிடுங்கள். சொக்கிகுளம், கே.கே.நகர், தல்லாகுளம் எங்கே கிடைத்தாலும் சரி. சின்னக் குழுவாக வருவதில் இது ஒரு வசதி. முப்பது பேர் பஸ்ஸில் வந்தவர்களால் இப்படி மாற முடியாது.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது.

ஆற்றில் இறங்கும் நிமிடம் காலை ஆறு மணியை ஒட்டி வரும். ஆழ்வார்புரத்தில், வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் தங்கக் குதிரையில் அழகர் வருவார். என்ன நிறத்தில் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று லட்சக்கணக்கான கண்கள் தேடும். பச்சை என்றால் அந்த வருடம் செழிக்கும் என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் குறிவைத்து, நள்ளிரவு மூன்று மணிக்குக் குழந்தைகளையும் முட்டிவலிக்காரர்களையும் அந்த நெரிசலுக்குள் இழுத்துக்கொண்டு போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 2022 ஏப்ரல் 16 அன்று அந்த நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். கொரோனாவால் இரண்டு வருடம் அழகர் மதுரைக்கு வராமலிருந்து, அந்த வருடம்தான் மறுபடி வந்திருந்தார். அந்த விடியலை மதுரைக்காரர்கள் மறக்கவில்லை.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் ஒருமுறை பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றை நோக்கி நடந்தேன். கூட்டம் அலைபோல ஒரு தள்ளுத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் பதிமூன்று பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அறுபது வயது அக்கா ஒருவரைக் காணவில்லை. போன் போட்டால் போகவே இல்லை, அத்தனை லட்சம் பேர் ஒரே இடத்தில் நின்றால் டவர் என்ன செய்யும்? ஐந்து மணி நேரம் தேடினேன். அழகர் ஆற்றில் இறங்கியதை நான் அந்த வருடம் பார்க்கவே இல்லை. பதினொரு மணிக்கு ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு. "உங்க அக்கா எங்க பந்தல்லதான் இருக்காக, பதறாம வாங்க."

அண்ணாநகர் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல். போய்ப் பார்த்தால் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து மோரை மொண்டு மொண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மோரில் மிதந்த கறிவேப்பிலை அவர் கை முழுக்க ஒட்டியிருந்தது. தனியாக நின்றவரைப் பந்தல்காரப் பெண் பார்த்து, "ஏன்க்கா வெயில்ல நிக்கிறீக, உள்ள வந்து உக்காருங்க" என்று அழைத்திருக்கிறார். உட்கார்ந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அழகர் இந்த வழியாத்தான் வருவாராம் தம்பி, இருந்து பாத்துட்டுப் போலாம்" என்றார். எல்லாரையும் அங்கேயே வரச் சொன்னேன். சாயங்காலம் அழகர் வந்தார். பந்தலுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் நின்றார். சொம்பு நிறையச் சர்க்கரை போட்டு வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அந்தப் பந்தல்காரப் பெண் காட்டியதை நாங்கள் பதினைந்து பேரும் அவர் தோளை ஒட்டி நின்று பார்த்தோம்.

அதற்குப் பிறகு நான் எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப் போவதில்லை. எட்டுப் பேரையும் இரண்டு இரண்டாகப் பிரித்துவிடுவேன். ஜோடி ஜோடிதான் பிரியக்கூடாது, மொத்தக் குழுவும் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. போனை நம்பாமல், தொலைந்தால் எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முதல்நாளே பேசிவைப்போம். என் நம்பரைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போட்டுவிடுவேன். நகையை அறையில் கழற்றிவைக்கச் சொல்வேன். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் ஊக்கு குத்தி ரவிக்கையோடு சேர்த்துக்கொள்ளலாம். கழிப்பறை எங்கே என்பதைப் பெண்களுக்காக முதல்நாள் பகலிலேயே நடந்து பார்த்துவைக்கிறேன். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆற்றில் இறங்குவதை விட்டால் வேறென்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ஆற்றில் இறங்குவதற்கு முதல்நாள் எதிர்சேவை. ஊருக்கு வரும் அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு அழைப்பது. கண்டாங்கிச் சேலையும் கையில் கோலுமாகக் கள்ளர் வேடத்தில் அவர் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருவார். மண்டகப்படி என்றால் சாமி வழியில் நின்று மரியாதை ஏற்கும் இடம், நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்தத் தெருமுனையில் நின்றாலும் அருகில் பார்க்கலாம். அன்று இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டுதான் குதிரை ஏறுகிறார். ஆற்றில் இறங்கிய பகலில் இராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஆட்டுத்தோல் பையோடு, கருப்பசாமி வேடத்தில் சல்லடம் என்ற அரைக்கால் உடை கட்டியவர்கள் அழகரைக் குளிரவைப்பார்கள். நனையத் தயாராகப் போங்கள், விலை கூடின கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மறுநாள் வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில், சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்குக் கருட வாகனத்தில் வந்து சாபவிமோசனம் கொடுப்பார். அன்று இரவு முழுக்க இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். மச்சத்தில் தொடங்கி ஒவ்வொரு அலங்காரமாக மாறி விடியும்போது மோகினியாக நிற்பார். பாய், போர்வை, கட்டுச்சோறோடு குடும்பம் குடும்பமாக ஆற்று மணலில் படுத்திருப்பார்கள். அதன்பிறகு பூப்பல்லக்கு. வெளியூர்க் குழுக்களில் பெரும்பாலும் அதற்குள் எல்லாரும் ஊர் திரும்பியிருப்பார்கள்.

இங்கே வழிகாட்டிகள் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அண்ணன் அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது தெரிந்ததும் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்ற கதையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது மக்கள் கதை, எனக்கும் பிடித்த கதை, என் பாட்டி சொல்லிக் கண் கலங்கிய கதை. ஆனால் கோயில் மரபு சொல்வது மண்டூக முனிவர் கதை. இரண்டையும் சொல்லாவிட்டால், அழகர் ஏன் வண்டியூர் வரை போகிறார் என்பதே வந்தவர்களுக்குப் புரியாது.

மீனாட்சி கோயிலுக்குள் போவதில் சின்னச் சின்னத் தவறுகள்தான், ஆனால் அன்றைய நாளையே கெடுத்துவிடும். 2018 பிப்ரவரி 2 இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது. போனையும் செருப்பையும் ஒரு கோபுர வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே சுற்றிவிட்டு வேறு வாசலில் வெளியே வந்துவிடுவார்கள். நான்கு சித்திரை வீதியும் கல் பாவியது. சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கல்லில் வெறுங்காலோடு கிழக்கிலிருந்து மேற்குக்கு நடந்து பாருங்கள், உள்ளங்கால் கொப்பளித்துவிடும். எந்த வாசலில் நுழைகிறீர்களோ அதிலேயே வெளியே வாருங்கள். உள்ளே பிரிந்துவிட்டால் பொற்றாமரைக் குளத்துப் படியில் சேர்ந்துகொள்ளலாம். மதியம் நடை சாத்தியிருக்கும், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அம்மனும் சுவாமியும் கோயிலை விட்டு வெளியே எழுந்தருளும் நாட்கள் உண்டு. தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போவார்கள், ஆவணி மூலத்தில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலுக்குப் புட்டுத்தோப்புக்குப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை நடை அடைத்திருக்கும். தெப்பம் பார்க்க வந்த குழுவைக் காலையில் நேராகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மூடிய சன்னிதி முன்னால் நிறுத்துவது வருடா வருடம் நடக்கிறது. அன்று சாமி இருக்கும் இடம் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645 இல் வெட்டியது. காலையில் வடம் பிடித்துத் தெப்பத்தை இழுக்கும்போது கரைக்கு நேராகப் போய்விடுங்கள், இரவில் விளக்கொளியில் இன்னொருமுறை போங்கள்.

ஜல்லிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மூன்றையும் பார்க்க வேண்டும் என்று குழந்தைகளோடு அலையாதீர்கள். ஒன்று போதும், அதுவும் விடிவதற்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்கமாட்டார்கள், தொட்டுக் கும்பிட்டு அனுப்புவார்கள். "ஏன் சார் யாருமே பிடிக்கல?" என்று அந்த நேரத்தில் சத்தமாகக் கேட்டு முறைப்பு வாங்க வேண்டாம்.

சாப்பாடு. அழகர் நாட்களில் மதியம் ஒரு மணிக்கு ஏசி ஓட்டலில் எட்டுப் பேருக்கு மேசை போட்டுவைக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். வழியெல்லாம் பானகம், மோர், புளியோதரை, தக்காளி சாதம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேண்டாம் என்றால் கையைக் கூப்பி "இப்பத்தான்க சாப்பிட்டோம்" என்று சொல்லுங்கள், மூக்கைச் சுளிக்காதீர்கள். அது யாரோ ஒருவர் வருடம் முழுக்கச் சேர்த்த காசில் செலுத்தும் நேர்த்திக்கடன். வாங்கியதைப் பாதியில் குப்பையில் போட்டால் கொடுத்தவர் முகம் சுருங்கிப்போகும். சாப்பாட்டுக்குக் காசு நீட்டவும் கூடாது. ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று தோன்றினால் இலை எடுக்கவோ பரிமாறவோ கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மொட்டையடிக்கும் குழந்தையையும் சாமி வந்து ஆடும் பெண்ணையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

முடிந்தால் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பூப்பல்லக்கு முடிந்து அழகர் மலைக்குத் திரும்பும்போது மூன்றுமாவடியில் நிற்கலாம். கூட்டம் வடிந்திருக்கும். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டிகளில் உண்டியல்கள் வரிசையாகப் போகும். வரும்போது கோவிந்தா போட்ட அதே ஆட்கள் இப்போது சத்தமில்லாமல் கை கூப்பி நிற்பார்கள். சில வீட்டு வாசலில் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். "போயிட்டு வாங்க சாமி, அடுத்த வருசம் வெரசா வந்துருங்க" என்று ஒரு பாட்டி சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.